பிரதருக்கு வேண்டிய இரண்டு வினாடி

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. மோட்டார் போட்டு, ஆறு இருபத்தைந்துக்கு நிறுத்தினேன். பூத்தில் பால் இரண்டு பாக்கெட். வாரத்துக்கான ஐந்து சட்டைகளுக்கு இஸ்திரி. பதினொன்றரைக்கு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை மொட்டை மாடி வெயிலில் போட்டேன். மதியம் புளிக்குழம்பு, முள்ளங்கிப் பொரியல். மூன்று மணிக்கு மொட்டை மாடியில் துப்பாக்கிச் சண்டை.

கடைசி வரியைப் படித்துப் பதற வேண்டாம். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நாலு பேர் ஞாயிறுதோறும் கைப்பேசியில் ஆடும் சண்டை அது. அதில் நாலாவது ஆள்தான் பிரதர். தில்லி மாநகரத்திலேயே மிக அதிகமான சண்டைகளுக்குப் போய், மிகக் குறைவான குண்டுகளைச் சுட்டவர் அவர்தான் என்று என்னால் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்ய முடியும். எட்டு மாதத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் சுட்டார். அது அன்றைக்குத்தான்.

பிரதர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தெட்டு. ஆண் நர்ஸ்களை ஆஸ்பத்திரியில் பிரதர் என்று கூப்பிடுவது வழக்கம். அது அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. வாசல் காவலாளிக்கும் பிரதர், காய்கறி வண்டிக்காரருக்கும் பிரதர். அவருடைய மனைவிகூட, யாராவது கதவைத் தட்டினால், “பிரதர் குளிச்சிட்டு இருக்காவ” என்றுதான் சொல்வார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலு பேர். நடுவில் ஒரு பழைய கோதுமைக் கிடங்கு. எந்தப் பக்கம் அதை ஐந்து நிமிடம் பிடித்து வைத்திருக்கிறதோ, அல்லது எதிரிகள் நாலு பேரையும் வீழ்த்துகிறதோ, அந்தப் பக்கம் வென்றது. தொடங்கும்போதே ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்ளலாம். சுடுகிறவர், உளவு பார்க்கிறவர், கேடயம் பிடிக்கிறவர், மருந்து போடுகிறவர். எங்கள் கேப்டன் என் மகள் யாழினி. நொய்டாவில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் என்னை இதில் இழுத்துவிட்டாள்.

“அப்பா, ரூல்ஸ் எல்லாம் உக்காந்து படிக்கிற ஒரே ஆள் நீங்கதான். டீமுக்கு அப்படி ஒருத்தர் வேணும். சலோ, வாங்க.”

எனக்குக் கிடைத்தது கேடயம். முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு நகராமல் இருப்பதுதான் வேலை. இருபத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. முதல் மாடி சேது, மதுரைக்காரன், மென்பொருள் எழுதுகிறவன், சுடுகிற வேலையை எடுத்துக்கொண்டான். யாழினி உளவு. மருந்து போட ஆள் இல்லை. யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

பிரதர் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தது ஏப்ரலில். வந்த இரண்டாவது ஞாயிறு, இரண்டாம் மாடியில் என் வீட்டுக் கூடத்தில் ஆட்டம் மும்முரமாக இருந்தது.

“எனக்கு ரத்தம் கொறஞ்சுக்கிட்டே போகுது. யாராவது வாங்க” என்று நான் கத்தினேன்.

“அசையாமப் படுங்கண்ணே, செத்துருவீங்க” என்று சேது அதைவிடச் சத்தமாகக் கத்தினான்.

கதவு இடிபட்டது. திறந்தால், லுங்கி பனியனோடு ஒருவர். அக்குளில் ரத்த அழுத்தக் கருவி, கையில் துணிச் சுருள், மூன்றாம் மாடியிலிருந்து ஓடிவந்த மூச்சு.

“ஆருக்கு ரத்தம் போகுது?”

சேது என்னைக் காட்டினான். நான் கைப்பேசியைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அங்கே நான் ஒரு கோதுமை மூட்டைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன்.

“இவருக்கு ஆரு மருந்து போடுகது?”

“யாரும் இல்ல.”

“இத்தன பேரு சண்டைக்குப் போறீங்க, ஒருத்தரும் மருந்துப் பெட்டி எடுக்கல்லியா?”

மூவரும் தலையைக் குனிந்துகொண்டோம். அன்று மாலையே அவர் மருந்துப் பெட்டி எடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கிடங்கு ஒரு வார்டாகிவிட்டது. நான் பெட் ஒன்று. யாழினி பெட் இரண்டு. சேது பெட் மூன்று. ஆட்டத்துக்கு உட்காரும் முன் பிரதர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கட்டுப் போட இரண்டு வினாடி ஆகும். அந்த இரண்டு வினாடியும் குண்டு மழையில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார். “பெட் மூணு, அனங்காமக் கிட. இந்தா வந்துட்டேன்.” எங்கே விழுந்தாலும் வந்துவிடுவார்.

ஒருமுறை யாழினி கேப்டன் என்ற உரிமையில், “பிரதர் அங்கிள், ஜல்தி, முதல்ல எனக்கு” என்றாள்.

“உனக்குப் பாதி ரத்தம் இருக்கு மக்ளே. அப்பாவுக்குச் சொட்டுகூட இல்ல. பொறுத்து நில்லு.”

நின்றாள். வீட்டில் குளியலறைக்குக்கூட வரிசையில் நிற்காத பெண்.

எல்லோருக்கும் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். கீழே போட ஆட்டம் அனுமதிக்காததால்தான் பிரதரும் அதைச் சுமந்தார். எதிரி யாராவது கிடங்குக்குள் நுழைந்துவிட்டால், கட்டுப் போடுவதை நிறுத்தாமல், திரையைப் பார்த்து, “விசிட்டர் டைம் முடிஞ்சாச்சு, வெளிய போப்பா” என்பார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, ஷிஃப்ட் மாறும்போது சொல்வதுபோல அறிக்கை தருவார். “பெட் ஒண்ணு, பன்னெண்டு தடவை விழுந்து எழும்பியாச்சு, இப்ப பரவாயில்ல. பெட் மூணுக்கு ஆத்திரம் கூடுதல், தண்ணி குடிக்கணும்.” சேது உடனே எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பான்.

தோற்பதைவிட அதிகமாக வென்றோம். துவாரகாவில் ஒரு தமிழ்க் குழு இருந்தது. விமான நிலையத்தில் வேலை பார்க்கும் நாலு பேர். அவர்களோடு ஞாயிறுதோறும் ஆடும் ஆட்டம் அரை மணி நேரம் போகும். விழுந்தவர்களை எல்லாம் பிரதர் எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி முடியும்?

இப்படி இருக்கும்போது, ஒன்று விட்டு ஒரு வியாழக்கிழமை, ஆட்டத்தை நடத்தும் கம்பெனி ஒரு புதுத் துப்பாக்கி கொண்டுவந்தது. வியாழன் காலையிலேயே சேதுவிடமிருந்து செய்தி வந்துவிடும். சுவரைத் துளைக்கும் துப்பாக்கி, மூலை திரும்பிச் சுடும் துப்பாக்கி, புகையோடு வருவது என்று ஒவ்வொன்றாக. கல்யாண வீட்டில் புதுப் பலகாரம் வந்தால் இலையை நீட்டுவதுபோல எல்லோரும் அதையே எடுப்பார்கள்.

பிரதர் சம்மதிக்கவில்லை. “புது மருந்து வந்தா, வார்டு முழுக்க ஒரே நாள்ல குடுக்க மாட்டோம் சார். ஒரு ஆளுக்குக் குடுத்துப் பாக்கணும். ரெண்டு வாரம் கவனிக்கணும். எழுதி வைக்கணும்.”

எழுதி வைக்கணும் என்று ஒருவர் சொல்லி நான் மறுத்ததே இல்லை. நோயாளியின் காய்ச்சலைக் குறிக்கும் கட்டம் போட்ட தாள் ஒன்றை அவர் கொண்டுவந்தார். கீழே துப்பாக்கியின் பெயர், பக்கவாட்டில் வினாடி. முதல் அடி பட்டதிலிருந்து ஆள் விழும் வரை எத்தனை வினாடி என்பதுதான் கணக்கு. பயிற்சி மைதானத்தில் நான் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன், சேது சுடுவான், பிரதர் நாடி பார்க்கும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார். அப்படி எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை. அந்த ஆண்டு நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

தாள் என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் நின்றது. ஏப்ரலில் ஐந்து வினாடி. ஜூனில் நாலு. ஆகஸ்டில் இரண்டரை. ஒவ்வொரு ஞாயிறும் பிரதர் அதன்முன் நின்று கோட்டை விரலால் தடவிப் பார்ப்பார்.

“காய்ச்சல் எறங்கினா சந்தோசம். இது எறங்குகது சரியில்ல சார்.”

சேது சமாதானம் சொன்னான். “புதுசு பழச விட நல்லா இல்லாட்டி யாருண்ணே தொடுவா? கொஞ்சம் கூட்டித்தான் விடணும்.”

“ரெண்டு வாரத்துக்கு ஒருக்க கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினா, கடைசியில என்ன மிஞ்சும்?”

“ஸ்பீடுண்ணே. செம ஸ்பீடு.”

“ஸ்பீடா முடியிற கேஸ எங்க வார்டுல ஆருக்கும் பிடிக்காது தம்பி.”

செப்டம்பரில் கோடு இரண்டு வினாடிக்குக் கீழே போனது. அதற்கு அர்த்தம், கட்டு முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவான் என்பதுதான். என் கேடயம் அப்பளமாக நொறுங்கியது. யாழினி எதிரி எங்கே என்று சொல்ல வாயைத் திறக்கும்போதே விழுந்தாள். எதிர்ப்பக்கங்களில் எல்லாம் நாலு பேரும் சுடுகிறவர்களாகவே வந்தார்கள். வேறு வேலைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. பிரதர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், போய்ச் சேர்வதற்குள் பெட் காலியாகியிருக்கும், திரும்பி அடுத்த பெட்டுக்கு ஓடுவார். சில ஞாயிறுகளில் ஒரு கட்டுகூடப் போடாமல் வீட்டுக்குப் போனார். கை கழுவுவதை மட்டும் விடவில்லை.

அக்டோபரில் கம்பெனிக்குப் புகார் எழுதினார். அவருக்குத் தெரிந்த புகார் வடிவம் ஒன்றுதான், ஆஸ்பத்திரியில் அசம்பாவிதம் நடந்தால் எழுதும் அறிக்கை. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இடம்: கோதுமைக் கிடங்கு. பாதிக்கப்பட்டோர்: மூவர், பலமுறை. நடந்தது: சிகிச்சை சென்றடையும் முன் நோயாளிகள் இறக்கிறார்கள். காரணம்: புது மருந்துகளின் அளவு. பரிந்துரை: ஒரு மாதத்துக்குப் புதியது எதையும் சேர்க்காமல், இருப்பதைக் குறைத்துப் பார்க்கவும். சாட்சி: பெட் ஒன்று. நான் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பரில் பதில் வந்தது. ‘அன்பு வீரரே, ஆட்டத்தின்மேல் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் அன்புப் பரிசை ஏற்றுக்கொள்ளுங்கள்.’ கீழே பரிசு இருந்தது. தங்கநிறத்தில், இன்னும் யாருக்குமே வராத ஒரு புத்தம் புதுத் துப்பாக்கி.

நேரம் பார்த்தோம். அரை வினாடிகூட இல்லை. நான் நின்றது எனக்கே தெரியவில்லை. பிரதர் தாளில் புள்ளி வைத்தார். அது கட்டத்தின் அடிக்கோட்டில் உட்கார்ந்தது.

“அரே, இத வச்சுக்கிட்டு சும்மாவா இருக்கீங்க?” என்றாள் யாழினி. “பிரதர் அங்கிள், ப்ளீஸ், ஒரே ஒரு தடவ.”

“நான் நர்ஸ் மக்ளே” என்று சொல்லிவிட்டு, தங்கத் துப்பாக்கியை ஆட்டத்தில் தனக்கிருந்த பெட்டகத்தில் பூட்டி வைத்தார்.

துவாரகாவிடம் ஐந்து ஞாயிறு தொடர்ந்து தோற்றோம். டிசம்பர் இரண்டாம் வாரம் யாழினியும் சேதுவும் என்னிடம் தனியாகப் பேசினார்கள். பிரதர் துப்பாக்கி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சேதுவின் அலுவலக நண்பன் ஒருவன் அவர் இடத்துக்கு வருவான். இதை யார் சொல்வது? சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்தான் சொல்ல வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

எனவே டிசம்பர் 15, மொட்டை மாடி. குளிர்காலத்தில் எங்கள் ஆட்டம் அங்கேதான், வெயிலுக்காக. ஆனால் வெயிலில் திரை தெரியாது. அதற்காக நாலு பேரும் காய்ந்துகொண்டிருந்த ஒரே ரஜாய்க்குள் தலையை நுழைத்துக்கொள்வோம். எதிர்மாடி ஆன்ட்டி ஒவ்வொரு ஞாயிறும், “பாயி சாஹப், இத்னி டண்ட் லக் ரஹி ஹை கியா?” என்று அவ்வளவு குளிருதா என்பதுபோல விசாரிப்பார். அந்த ரஜாய்க்குள் வைத்துத்தான் சொன்னேன். முகம் சரியாகத் தெரியாது என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பிரதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குத் தெரியும் சார். செப்டம்பர்லயே சார்ட்டு சொல்லிட்டுது. நான் போய்ச் சேரும்போ பெட்டுல ஆளில்ல. பின்ன நர்ஸு என்னத்துக்கு?” என்றார். பிறகு, “சரி. இன்னைக்கு அத எடுக்குதேன்” என்றார்.

பெட்டகம் திறந்தது. ரஜாய்க்குள் தங்கநிற வெளிச்சம்.

கைக்குழந்தைகளின் நரம்பைத் தேடி ஊசி போட்டுப் பழகிய கை அது. நடுக்கம் என்பதே கிடையாது. துவாரகாக்காரர்கள் நாலு பேரும் கிடங்கு வாசலில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். முப்பத்தெட்டு வினாடி. ஆட்டம் முடிந்தது. சேது ரஜாயை உதறிவிட்டு மாடியில் ஆடினான். யாழினி எதிர்மாடி ஆன்ட்டிக்குக் கையசைத்தாள்.

பிரதர் எழுந்து தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கை கழுவினார். முன்னால் கழுவுவார், முடிந்த பிறகு கழுவி நான் பார்த்ததில்லை.

“நாலு பேரு” என்றார் என்னிடம். “ஒருத்தன் கிட்டயும் போய்ப் பாக்க நேரம் இல்ல, பாத்துக்கிடுங்க.” துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “சார், எனக்க ஞாயிறு லீவ மாத்திக்கிடுதேன். கிறிஸ்மஸ் வருது, வார்டுல சின்ன வயசு நர்ஸுப் பிள்ளைகளெல்லாம் ஞாயிறு லீவு கேட்டு நிக்குதுவ. நாளைக்குக் காலையில டூட்டி சார்ட்டு எழுதுவாவ. ஞாயிறு நான் எடுத்துக்கிடுதேன்னு சொல்லிருதேன்.”

“கிறிஸ்மஸ் வரைக்கும்தானே?”

“எல்லா ஞாயிறும்.”

வெயிலில் உரித்துத் தின்ன நாங்கள் கொண்டுவந்திருந்த ஆரஞ்சுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். சேது ஆடுவதை நிறுத்தினான்.

“ஜெயிச்சோம். பட் மஜா இல்ல அப்பா” என்றாள் யாழினி.

“அவரு வராட்டி, என்னயப் பெட் மூணுன்னு கூப்பிட ஊர்ல யாருண்ணே இருக்கா?” என்றான் சேது. அலுவலக நண்பனைப் பற்றி அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

அப்போது துவாரகாவிலிருந்து அழைப்பு. அவர்களுடைய கேப்டன் கோமதி, கோயம்புத்தூர்ப் பெண்.

“ஏனுங்க சார், நாலு பேரும் ஷிஃப்ட மாத்திட்டு வந்து உக்காந்தோமுங்க. சேர்ல சாஞ்சு உக்காரக்குள்ள முடிஞ்சு போச்சு. இதுக்கா டீ போட்டு வச்சோம்?”

“மன்னிக்கணும்மா.”

“உங்க மருந்துக்காரர் எங்கீங்க? அவரு இருந்தா உங்களச் சாகடிக்கவே முடியாதுங்க, அரை மணி நேரம் ஓடும். நாங்க அதுக்குத்தானுங்க வர்றதே. போன அஞ்சு வாரமும் ஜெயிச்சுட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தோம்.”

“என்ன செய்யறது, துப்பாக்கி அப்படி வருது.”

“நம்ம ரெண்டு டீமும் தனி ரூமுலதானுங்க ஆடறோம்? ரூம் செட்டிங்ல எந்தத் துப்பாக்கி வேண்டாமோ அத எடுத்துடலாமுங்களே. நீங்க ரூல்ஸ் எல்லாம் படிப்பீங்கன்னு யாழினி சொன்னாளுங்க.”

படிப்பேன். எல்லாப் பக்கங்களையும் படித்தேன், அந்தப் பக்கத்தைத் தவிர. எட்டு மாதம் நின்று நின்று செத்தவன், செட்டிங்கில் ஐந்தாவது திரையைத் திறந்து பார்க்கவில்லை. யாழினி என்னைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

அங்கேயே பேசி முடித்தோம். இரண்டு வினாடிக்குள் ஆளை வீழ்த்தும் எதுவும் எங்கள் ஞாயிறு ஆட்டத்தில் கிடையாது. மாலை ஆறு மணிக்கு மூன்றாம் மாடிக்குப் போனேன். பூட்டியிருந்தது. சர்ச்சில் கிறிஸ்மஸ் கேரல் பாடப் போயிருக்கிறார்கள், திரும்ப நேரமாகும் என்றார் காவலாளி. கைப்பேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒன்பதரைக்குப் படுத்தேன். தூக்கம் சரியில்லை. பிரதர் காலை ஆறு நாற்பதுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். போனதும் டூட்டி எழுதிவிடுவார்கள்.

டிசம்பர் 16, திங்கட்கிழமை. எழுந்தது நாலு ஐம்பதுக்கு. முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், ஃபிரிட்ஜ் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தாளைப் பார்த்துப் பார்த்துத் துப்பாக்கிகளை நீக்கினேன். பட்டியலில் இருநூற்றுச் சொச்சம் ஆயுதங்கள், அகர வரிசையும் இல்லை, வந்த வரிசையும் இல்லை. இரண்டு வினாடிக்குக் கீழே இருந்த எட்டைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும், நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று கேட்டது. நிச்சயமாக. தங்கத் துப்பாக்கிக்கு மட்டும் இரண்டு முறை கேட்டது.

ஆறு பத்துக்கு மூன்றாம் மாடி மணியை அடித்தேன். பிரதர் வெள்ளை உடுப்போடு கதவைத் திறந்தார். துவாரகாவோடு பேசி முடித்ததைச் சொல்லி, மிச்சமிருந்த துப்பாக்கிகளின் பட்டியலோடு கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல மேலிருந்து கீழாகப் படித்தார்.

“மிச்சம் உள்ளதுல ஒண்ணு ரெண்டேகால் வினாடி இருக்கு சார். ஓடித்தான் வரணும்.”

“ஓடி வாங்க.”

மறுபடியும் ஒருமுறை மேலிருந்து படித்தார்.

“சரி. ஞாயிறு லீவுன்னே எழுதச் சொல்லுதேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உள்ள வாங்க சார். சுவெட்டர உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கீங்க.”